பனிச்சரிவில் விழாத நாள்

துபாய், 20.1.2007

அப்பாவுக்கு வணக்கம். 'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. நான் சுகம். வீட்டில் எல்லோரும் சுகமா?

இங்கே ஒரு மாலுக்குள் செயற்கைப் பனிமலை இருக்கிறது. அங்கே பனி அள்ளிப் போடுவதுதான் என் டூட்டி. பனிச்சறுக்கு தெரிந்தால் நல்ல வேலைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். டூட்டி முடிந்து தினமும் பழகினேன். முதல் வாரம் நிற்கவே முடியவில்லை.

"உன்னால ஆகாது, பாய்" என்று சூப்பர்வைசர் இந்தியில் சிரித்தார்.

எனக்கு இது புதிதா? "இவன் எதுக்கும் லாயக்கில்ல" என்று என் கல்யாணப் பந்தியிலேயே சொன்னவர் நீங்கள். விழும்போதெல்லாம் உங்கள் குரல்தான் கேட்டது. அந்தக் கோபத்தில்தான் எழுந்தேன். மணிக்கட்டு கொஞ்சம் பிசகியது, பயப்பட ஒன்றுமில்லை.

நேற்று உச்சியிலிருந்து அடிவரை விழாமல் வந்தேன். "கலாஸ், பழைய வேலை முடிஞ்சது, நாளைலேருந்து உனக்குப் புது வேலை" என்றார் சூப்பர்வைசர். நீங்கள் பெருமைப்படுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் சொன்னது தப்பு என்று தெரிய வேண்டும்.

என் ரூமில் கூடத் தங்கியிருக்கிற மணிகண்டன் லீவில் ஊருக்கு வந்திருக்கிறான். நீங்கள் முழங்காலுக்குத் தேய்க்கிற தைலத்தில் ஒரு பாட்டில் அவனிடம் கொடுங்கள். தங்கச்சியை அனுப்ப வேண்டாம், அவன் வீட்டுக்கு நீங்களே போங்கள். போனால், நான் எப்படி இருக்கிறேன் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

அம்மையப்பன்