இருபத்தாறு வயதிலும்

அக்கா,

நேற்று அப்பாவுக்கு ஒரு பொன்னாடை வந்தது. பணி ஓய்வு விழா. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை மடித்து, வந்த பாலிதீன் உறையிலேயே திரும்ப நுழைத்தார். உறை சரசரத்தது. புது நைலானும் கஞ்சியும் கலந்த வாசனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகம் வாடியது. உங்களைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். சொல்லத் தெரியவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. அதுதான் நம் உள்ளூர் சேனல். ஒரு சோபா. இரண்டு கேமரா. ஒரு தொலைபேசி. சத்தம் போடுகிறது என்று நேரலையின்போது அணைத்துவிடும் ஒரு ஏ.சி. தொண்ணூற்று மூன்றில் தெருத்தெருவாகக் கேபிள் ஒயர் இழுத்தவர்தான் ஓனர். பிறகு அவரே படமும் காட்ட ஆரம்பித்தார்.

நான் எம்.ஏ. முடித்துவிட்டு, விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நாடகத்தில் வரும் மௌனத்தைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அதை ஒருவர் கேமரா முன்னால் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் உங்களைப் பாட்டி என்று கூப்பிட்டேன்.

“உங்க வூட்ல பாட்டி இல்லையா? அங்க போயி கூப்புடு. வேலை செய்யற எடத்துல நான் அக்கா.”

சொல்லிவிட்டு வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினீர்கள். மல்லாட்டை என்று நீங்கள் சொல்வீர்கள். கோபமா, விளையாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் உங்கள் தொழில் என்று பிறகு புரிந்தது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் நீங்கள். ட்ரங்க் கால் இணைத்துக் கொடுத்த காலத்திலிருந்து. அறுபதில் ஓய்வு. அந்த மாதமே சேனலுக்குப் போன் செய்து ஆள் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன வேலைக்கு என்று ஓனர் கேட்டாராம். “சிரிக்க வெக்க.” இந்தக் கதையை ஓனர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் பெருமையோடுதான் சொன்னார். அதை மறக்காமல் எழுத வேண்டும். அவர் கெட்டவர் இல்லை.

நேரலைக்கு வரும் போன்கள் உங்களுடையவை. டிவி சத்தத்தைக் குறைக்காமல் பேசுவார்கள். அவர்கள் குரலே திரும்பி வந்து அவர்களைக் குழப்பும். அமல் பதறுவான். அவன்தான் நிகழ்ச்சியை நடத்துபவன், உங்கள் ஜோடி. நீங்கள் பதறமாட்டீர்கள். ஒருநாள் காணையிலிருந்து ஒருவர், சர்க்கரை ஆலை என்று நினைத்து நமக்கு டயல் செய்துவிட்டார். கரும்புக்குக் கட்டிங் ஆர்டர் எப்போது வரும் என்று கேட்டார். அமல் ராங் நம்பர் என்று சொல்ல வாயைத் திறந்தான். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். அடுத்த இரண்டு நிமிடம் நீங்கள்தான் ஆலையின் அதிகாரி. பயிர் வைத்த நாள், தண்ணீர் விட்ட முறை, மாமியார் பெயர் வரைக்கும் விசாரித்தீர்கள். மாமியார் பெயர் எதற்கு என்று அவர் கேட்டபோது, “கரும்பு அவங்க பேர்ல இருந்தா இனிக்காதே, அதுக்கோசரம்தான்” என்றீர்கள். அவர் சிரித்த சிரிப்பில் லைன் கொரகொரத்தது. அவர் மனைவி பின்னால் இருந்து யாரு யாரு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுதிய முதல் மூன்று நாடகத்திலும் உங்களுக்கு இருமல் இருந்தது.

“ஏன்டி, எனக்கு எப்ப பாரு இருமலு? எம்.ஏ.வுல அதான் சொல்லிக்குடுத்தாங்களா?”

ஒன்றில் கைத்தடி. ஒன்றில் கட்டில். மூன்றாவதில் காது கேட்காது. உங்களுக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது. என்ன பாத்திரம் வேண்டும் என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னீர்கள். புதிதாக டூட்டிக்கு வந்த ட்ராஃபிக் போலீஸ். பெண் பார்க்க வருகிற வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண். கடன் கேட்டு வருகிறவன். எல்லாவற்றையும் எழுதினேன். எல்லாவற்றையும் நீங்கள் உங்கள் முகத்தோடு, உங்கள் நரையோடு, வேறு எதையும் பூசிக்கொள்ளாமல் செய்தீர்கள். முதல் நிமிடம் பார்க்கிறவர்களுக்கு வயது தெரியும். இரண்டாவது நிமிடம் பெண் பார்க்க வந்தவர்கள் எப்போது போவார்கள் என்கிற தவிப்பு மட்டும் தெரியும்.

பிறகு அந்த ஞாயிறு.

கடன்காரர் நாடகம். அமல் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டான். நீங்கள் பதில் சொல்லவில்லை. சோபாவின் ஓரத்தைப் பார்த்தீர்கள். கேமராவுக்குப் பின்னால் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். நேரலையில் அது நீளமான நேரம். பிறகு வேறொரு வசனத்தைச் சொல்லிச் சமாளித்தீர்கள். சிரிப்பு வந்தது. ஆனால் ஓனரின் முகத்தில் வரவில்லை.

படியிறங்கும்போது கேட்டேன், வேண்டுமென்றே நிறுத்தினீர்களா என்று.

“இல்ல. மறந்துட்டேன்.” இரண்டு படி இறங்கிய பிறகு: “போன மாசம் அமலு மறந்தான். டென்ஷன்னு சொன்னீங்க. நான் மறந்தா மட்டும் வயசுன்னு சொல்லுவீங்க, பாரு.”

சொன்னார்கள்.

ஓனர் என்னைக் கூப்பிட்டார். சேனலின் ஆண்டு விழா நிகழ்ச்சியில், நேரலையில், உங்களுக்கு மூத்த கலைஞர் விருது. பொன்னாடை. கேடயம். அடுத்த வாரத்திலிருந்து நேரலை வேண்டாம், கை வைத்தியம் சொல்லும் பகுதி ஒன்றைப் பதிவு செய்து ஒளிபரப்பிக்கொள்ளலாம். “அவங்க நாலு பேரு முன்னாடி அசிங்கப்பட்டுடக் கூடாதும்மா,” என்றார். உண்மையாகவே உங்களுக்காகப் பயந்தார். அன்பு அப்படித்தான் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் என்று எனக்கு அன்று தெரிந்தது. வாழ்த்துரையை என்னை எழுதச் சொன்னார்.

பஸ் நிலையத்தில் உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் முதலில் கேட்டது வைத்தியத்தைப் பற்றி.

“எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் பாராசிட்டமாலு. அத எத்தினி வாரம் சொல்றது?”

சென்னை பஸ் ஒன்று வந்து போனது. உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, கணவர் இறந்து நாளாகிவிட்டது, அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்னது அதைப் பற்றி இல்லை. “பதிவு பண்ணா எவன் சிரிக்கிறான் சிரிக்கலன்னு எனக்கு எப்பிடிடி தெரியும்? நேர்ல நிக்கணும். விழுந்தா அங்கயே விழணும்.”

யார் எழுதுகிறார்கள் என்று கேட்டீர்கள். நான்தான் என்றேன்.

“நல்லா எழுது. மனசார எழுது. அரைகுறையா எழுதினா எனக்கு உதவாது.”

என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. நான் மனசார எழுதினேன்.

ஆண்டு விழா அன்று ஸ்டுடியோவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடைக்காரர்கள், ஓனரின் உறவினர்கள், கொஞ்சம் கல்லூரிப் பிள்ளைகள். ஏ.சி. அணைந்திருந்தது. ஓனர் பொன்னாடையைப் போர்த்தினார். அமல் நான் எழுதியதைப் படித்தான். இந்த வயதிலும் யார் துணையும் இல்லாமல் மூன்று மாடி ஏறி வருகிறார். இந்த வயதிலும் வசனம் பேசுகிறார். இந்த வயதிலும் நம்மைச் சிரிக்க வைக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டினார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீங்கள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மைக்கை வாங்கினீர்கள். அவர்கள் உட்காரும்வரை காத்திருந்தீர்கள். உட்கார்ந்த பிறகும் கொஞ்சம்.

“ரொம்ப நன்றி. ஆனா எங்கியோ கணக்கு இடிக்குது. நான் இங்க வந்து எட்டு வருஷம் ஆவுது. தம்பி அமலு பத்தாவது படிக்கும்போது வந்தாரு. பதினோரு வருஷம். அப்ப இங்க மூத்த கலைஞர் யாரு?”

பொன்னாடையைக் கழற்றினீர்கள். உதறினீர்கள். அமலின் தோளில் போர்த்தி, இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டீர்கள்.

“இந்த இருவத்தாறு வயசுலயும் இவரு யார் துணையும் இல்லாம மாடி ஏறி வர்றாரு. கண்ணாடி போடாம படிக்கிறாரு. இந்த வயசுல வூட்ல சும்மா இருந்திருக்கலாம். ஆனா பாருங்க, ஒழைக்கிறாரு. சாப்புட்டது செரிக்குது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று அவர்கள் ஓனரைப் பார்த்தார்கள். நீங்கள் அமலைப் பார்த்தீர்கள். எல்லாம் அவன் கையில் இருந்தது.

அமல் மெதுவாகக் கூனினான். பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். நான் உங்களுக்காக எழுதிய அதே இருமலை இருமினான்.

“ஏதோ, கை காலு நல்லா இருக்கறவரைக்கும் ஓட்டிக்கினு இருக்கேம்மா.”

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் எதுவும் காதில் விழவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் நாற்காலியைத் தட்டினார்கள். நீங்கள் அவன் கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தீர்கள். போன் அடித்தது. கூட்டேரிப்பட்டு டீக்கடைக்காரர். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னீர்கள்.

“அமல் தாத்தாவுக்கு வணக்கம். ஒடம்ப பாத்துக்கோங்க தாத்தா,” என்றார் அவர். பிறகு குரல் மாறியது. “அக்கா, நீங்க அடுத்த வாரம் வர்றீங்கதான? எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் சால்வை போட்டாங்க. மறாநாளு உள்ள விடல.”

அறை அமைதியானது. அந்த அமைதியை நீங்கள் ஒரு கணமும் வீணாக்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் குரலில் சொன்னீர்கள்.

“லைன்லயே இருங்க. ஓனர் பக்கத்துல இருக்காரு. குடுக்குறேன்.”

மைக் ஓனரின் முகத்துக்கு நேரே போனது. கேமராவும் போனது. அவர் வியர்வையைத் துடைத்தார்.

“வருவாங்க,” என்றார்.

“எந்த வாரம்னு கேக்குறாருங்க.”

“எல்லா வாரமும்.” அதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர. நேரலை. அழித்துவிட்டுத் திரும்ப எடுக்க முடியாது.

வெற்றி பெற்றவரைப் போல நீங்கள் நடந்துகொள்ளவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். அமல் தண்ணீர் கொண்டுவந்தான். அவனிடம் நீங்கள் நன்றி சொல்லவில்லை. “அந்த இருமலு நல்லா இருந்துச்சு. எங்கேர்ந்து புடிச்ச?” என்றுதான் கேட்டீர்கள். அவன் என்னைக் காட்டினான். பிறகு என்னிடம், “செரிக்குதுன்னு சொல்லிருக்கக் கூடாது. ஒழைக்கிறாருன்றதோட வுட்டிருக்கணும். அதான் சிரிப்பு லேட்டு,” என்றீர்கள். வேலையே பறிபோக இருந்தது. நீங்கள் ஒரு வரியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தீர்கள்.

உங்களைப் பார்த்து வியக்கிறேன் என்றால், அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு வரியைத் திருத்தியதற்காகத்தான். உங்கள் முழங்கால் அதில் ஏறியதற்காக இல்லை.

அதன் பிறகு ஐந்து வருடம் நேரலையில் இருந்தீர்கள். சில ஞாயிறுகள் அபாரம். சில ஞாயிறுகள் மோசம். மோசமானவற்றை மோசம் என்று நான் சொல்லப் பழகினேன். நீங்கள் வாதாடுவீர்கள். அமல் நடுவில் புகுந்து, என்னுடைய எழுத்துதான் மோசம் என்பான். வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்ததும் நம் சேனல் போய்விட்டது. மூன்று பேரும் ஒரே நாளில் வேலையிழந்தோம். உங்களுக்கு மட்டும் தனியாக யாரும் வழியனுப்பு விழா நடத்தவில்லை. அதில் உங்களுக்கு ஒரு திருப்தி இருந்தது என்று நினைக்கிறேன்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தேன். ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம் சொன்னீர்கள்: “நேத்தும் எடுத்துக்கினு போனீங்களே, அதத் திருப்பிக் குடுங்க, கழுவி இன்னைக்கும் அதையே வெச்சிக்கலாம், செலவு மிச்சம்.” வார்டு முழுக்கச் சிரித்தது. பக்கத்துப் படுக்கை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அது இரக்கத்தில் வந்த சிரிப்பு என்று உங்களுக்குத் தெரியும். என்னைப் பார்த்தீர்கள்.

“சுமார்தான்க்கா,” என்றேன்.

“இழுத்துட்டனா?”

“ஆமா. கழுவுறது, செலவு, அதெல்லாம் வேணாம்.”

கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தீர்கள். மறுநாள் காலை வேறு நர்ஸ் வந்தார். இளம்பெண். அவசரத்தில் இருந்தார். ஊசியைக் கையில் எடுத்தபோது கேட்டீர்கள், ரொம்பச் சாதாரணமாக, கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பதைப் போல.

“நேத்து எடுத்தது முடிஞ்சிருச்சா?”

அந்தப் பெண் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதையே ஒரு கணம் மறந்துவிட்டுச் சிரித்தார். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. தேவைப்படவில்லை.

இப்போது சென்னையில் வேலை. இரவில் அறைத் தோழியோடு டிவி பார்ப்பேன். நேரலை நகைச்சுவை நிகழ்ச்சிகளில் வயதானவர் ஒருவர் மேடைக்கு வந்தால் அரங்கமே எழுந்து நிற்கிறது, அவர் வாயைத் திறக்கும் முன்பே. போன மாதம் ஒருவர் வந்தார். வழுக்கைத் தலை, நல்ல குரல். பாதியில் நகைச்சுவை அவர் கையைவிட்டுப் போய்விட்டது. தோழி, பாவம், இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்றாள். எனக்குப் பாவமாக இல்லை. அவர் ஒரு வரி அதிகம் பேசிவிட்டார், அவ்வளவுதான். இன்றைக்குச் சுமார் என்று அவளிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் அதே நேரத்துக்கு, அவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க உட்கார்ந்தேன்.