அரக்கனின் வலப்பக்கம்

நேற்று கடையில் சீரகம் மடித்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தால், பச்சைக் கட்டம் போட்ட கிராஃப் தாள், நீங்கள் சேலை டிசைன் போடுவீர்களே, அதே மாதிரி. சீரகத்தை டப்பாவில் கொட்டிவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்தவரை உங்களிடம் சொல்லாமலே விட்ட ஒன்றை இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

எழுபதுகளின் கடைசி. இங்கே பாதித் தறிகளில் நீங்கள் போட்ட சேலை டிசைன்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெட்ராஸில் சினிமா கம்பெனியில் எடுபிடியாக இருந்த என் தம்பி, ஒரு மந்திரவாதிப் படத்துக்கு அரக்கன் உருவம் வரைந்து தரச் சொல்லி உங்களிடம் வந்தான். அதைப் பார்த்துத்தான் வேஷம் தைப்பார்களாம். பத்து நாள் தறிப்பக்கமே போகாமல் உட்கார்ந்தீர்கள். சோறு போட வந்த என்னிடம், "ஏட்டி, வாயத் தொற. கடவாய்ப்பல்லு எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றீர்கள்.

"அரக்கனுக்கு எம் பல்லுதான் கிடைச்சுதாக்கும்?"

"ஊர்ல வேற யாரு வாயத் தொறக்கச் சொல்ல முடியும்?"

அனுப்பி ஒரு மாதம் கழித்துத் தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். "அத்தான், டைரக்டர் அசந்துட்டாரு. ஒரு கண்ணு, ஒரு கொம்பு, பாதி வாயி. இப்படி ஒரு அரக்கன யாருமே யோசிக்கலையாம்."

உங்கள் முகம் போன போக்கிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சேலை டிசைனில் பாதியைத்தான் கட்டத்தில் போடுவீர்கள். அடுத்த பக்கத்தைத் தறியே திருப்பிப் போட்டுவிடும். அந்தப் பழக்கத்தில் அரக்கனுக்கும் இடப்பக்கத்தை மட்டும் வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். பேசாமல் இருங்கள் என்று கண்ணால் ஜாடை காட்டினேன். கேட்டால்தானே.

"தம்பி, அவன் பாதி ஆளுல்லா. பொறு, மிச்சத்தயும் போட்டுத் தாரேன்."

இது தறிக்கு இல்லை என்பதால், இடப்பக்கத்தையே திருப்பிப் போடாமல் வலப்பக்கத்தைப் புதிதாகவே போட்டீர்கள். வலக்கண்ணில் அழுகை இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அவனுக்கும் யாராச்சும் இருந்திருப்பாங்கல்லா" என்றீர்கள்.

தம்பியை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். "அக்கா, பாதி முகம்தான் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. இதக் கொடுத்தா இந்த அரக்கனே வேண்டாம்னு மாத்திருவாங்க" என்றான். அந்தத் தாளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "கொடுத்தாச்சுன்னு அத்தானுக்கு எழுதிரு" என்றேன்.

படம் நம் ஊர் தியேட்டருக்கு வந்தது. பாதி முகத்தோடு அரக்கன் வந்து நின்றதும் பெண்கள் பக்கம் ஒரே அலறல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது நீங்கள் சொன்னீர்கள்: "வலப்பக்கம் அவங்களுக்குப் பிடிக்கல போல. நமக்குச் சேலக் கரைதான் சரி."

அதற்குப் பிறகு நீங்கள் ஒரு முகம்கூட வரையவில்லை. வரையுங்கள் என்று உங்களோடு எத்தனையோ தடவை சண்டை போட்டேன். உண்மையைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் அரக்கன் எப்படியாவது திரைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். அந்தத் தாள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதை யாரும் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. யாரும் பார்க்கவே இல்லை, நான் மட்டும்தான் பார்த்தேன். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.