நாலில் ஒரு குட்டைச் செடி

கேத்தி,
சித்திரை 12.

அன்புள்ள லிங்கசாமி அவர்களுக்கு,

வணக்கம். சேரங்கோட்டில் மைத்துனர் வீட்டார் நலந்தானே? தேயிலைக் கவாத்து வேலை முதுகுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே முதல் மழை பெய்துவிட்டது. கேரட் விலை சுமார்தான்.

இதையெல்லாம் எழுதுவது, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

விவசாயிகள் சங்கத்தில் எல்லோர் முன்னிலையிலும் உங்கள் நெட்டைப் பட்டாணி விதையைக் கலப்படம் என்றேன். என் பாத்தியில் நடுநடுவே குட்டைச் செடிகள் நின்ற கோபம். நீங்கள் மறுக்கவில்லை. “வாத்தியாரே சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்” என்று துண்டை எடுத்துக்கொண்டு போனீர்கள். அதன்பின் உங்களிடம் யாரும் விதை கேட்கவில்லை. நீங்களும் ஊரில் இல்லை.

அந்தக் குட்டைகளைப் பிடுங்கும்போது பழக்கத்தில் எண்ணினேன். நாலில் ஒன்று. கை நின்றுவிட்டது. காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிய கணக்கு அது. நெட்டையையும் குட்டையையும் இணைத்தால் முதல் தலைமுறை முழுக்க நெட்டை. குட்டைக் குணம் உள்ளே ஒளிந்திருந்து, அடுத்த தலைமுறையில் நாலுக்கு ஒன்றாக வெளியே வரும்.

இணைத்தது யார்? நான்தான். பொழுதுபோகாமல் வீட்டுச் செடிகளில் மகரந்தம் தொட்டுவைத்து, விளைந்த ஒரு கைப்பிடி விதையை நல்ல நெட்டை ரகம் என்று உங்களிடம் கொடுத்ததை மறந்தே போனேன். நீங்கள் விற்றது அதன் பிள்ளைகளை.

போன கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். சங்கத் தலைவர் இசக்கிமுத்து, “லிங்கசாமி முகத்தைப் பார்த்து இதைச் சொல்வீர்களா?” என்று என்னைக் கேட்டார். உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

மீதி நெட்டைகளிலும் மூன்றுக்கு இரண்டு குட்டையை ஒளித்துவைத்திருக்கும், பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு செடியின் விதையையும் தனி வரிசையில் போட்டால், குட்டையே வராத வரிசைதான் சுத்த ரகம். செடிவாரியாகப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். இந்தக் கணக்காவது சரியாக வரும் என்று நினைக்கிறேன். உறுதி சொல்லும் தைரியம் போய்விட்டது.

உங்கள் மனைவி அருக்காணியிடம் கேட்கத் துணிவில்லாமல் உங்கள் தோட்டத்தில் பட்டாணி படர நானே குச்சி நட்டேன். கலப்படம் என்று நான் சொன்ன நாளிலிருந்து என்னோடு பேசாதவர் வேலியோரம் வந்து நின்று, “ஏனுங்க வாத்தியாரே, வெதையே போடலீங்க, குச்சி எதுக்குங்க?” என்றார். சிரித்தாரா என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

சுத்த ரகம் உங்கள் தோட்டத்தில், உங்கள் பெயரில்தான் விளைய வேண்டும். பொட்டலங்களை இன்னும் பிரிக்கவில்லை. குச்சிகள் கோணலாக நிற்கின்றன. வந்து நிமிர்த்துங்கள்.

உங்கள் வரவை வேண்டும்,
நல்லசிவம்