பிரமிடு வாசலில் நின்ற ஆசாரியன்

கெய்ரோ, யூதர் தெரு
9 மார்ச் 1936

அன்புள்ள பஹீயா,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. பூரீம் பண்டிகைக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்த பலகாரத்தைத் தின்றேன். வாயில் வைக்க வழங்கவில்லை.

சக்காராவில் பிரமிடுக்குள் இறங்கிச் சுவர் எழுத்தைப் பார்த்து வரையும் வேலைக்கு உன்னை நான்தான் அனுப்பினேன். மறுக்கவில்லை. ஆனால் விளக்குப் பிடிக்க விஸ்ஸா என்று ஒருவன் உண்டென்று அப்போது நீ சொல்லவில்லையே! இப்போது எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் விஸ்ஸா சொன்னார், விஸ்ஸா சிரித்தார். என் பெயர் உறையின்மேல் மட்டும்தான் இருக்கிறது.

நான் ஆரோன் வம்சம், பிறவிப் புரோகிதன்; பிணத்தீட்டு ஆகாது. ஆசாரியன் கல்லறைக் கூரைக்குக் கீழே போகக் கூடாது. புருஷன் நுழைய முடியாத இடமாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது, பஹீயா. ஒளிக்கமாட்டேன்.

உன்
ஷெஹாத்தா கொஹேன்


சக்காரா முகாம்
12 மார்ச்

என் பொறாமைக்காரக் கணவருக்கு,

விஸ்ஸா கிழவர் என்று எழுதினால் நிம்மதியாகத் தூங்குவீர்கள். என்ன செய்ய, அவருக்கு இருபத்தெட்டு வயது. பார்க்கவும் லட்சணமாகத்தான் இருக்கிறார். பொய் எழுத எனக்கு வராது. அவர் கையில் விளக்கு, என் கையில் பென்சில், சுவர் முழுக்கப் பாம்பும் கழுகும் ஆந்தையும். நாளெல்லாம் ஆந்தை வரைகிறவளுக்குச் சல்லாபத்துக்கு நேரமேது?

உள்ளே பிணமே இல்லை. எலும்பைக்கூடத் திருடர்கள் எந்தக் காலத்திலோ வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்பெட்டி மட்டும் வாயைப் பிளந்து கிடக்கிறது. நம் மதகுரு ரபியிடம் கேட்டுவிட்டு வந்து பாருங்களேன்.

பொறாமை உங்களுக்கு மட்டும்தானா? ஜெப ஆலயத்தில் நீங்கள் சால்வைக்குள் கைகளை உயர்த்தி ஆசி கூறும்போது, அந்த நகைக்கடை விதவை முதல் ஆளாக வந்து தலை குனிகிறாளே, நான் ஏதாவது கேட்டேனா? சரி, கேட்டேன். ஒரு தடவைதான்.

உங்கள் அன்பு
பஹீயா


கெய்ரோ
18 மார்ச்

பஹீயா,

ரபியிடம் கேட்டேன். "பிணம் இருந்தாலும் இல்லாட்டியும் கல்லறை கல்லறைதான். உங்கப்பன் அந்த மணல்ல கால் வச்சானா?" என்றார். வாசல் வரை போகலாமே என்று நேற்று சக்காராவுக்கு வந்தேன்.

வந்தேன், உனக்குத் தெரியாது. பிரமிடின் வாய் அருகே நின்றேன். உள்ளேயிருந்து நீ சிரித்தாய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னோடு நீ அப்படிச் சிரித்ததே இல்லை. "பஹீயா!" என்று கத்தினேன். உன் சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்சம் கீழே இறங்கினால் போதும், கால் எழவில்லை. காவல்காரன், "என்ன ஐயா, இருட்டுன்னா பயமா?" என்று இளித்தான். அவனிடம் போய் மோசேயின் சட்டத்தையா விளக்குவது?

திரும்பியதும் நேரே ரபியிடம் போய், உன்னை விவாகரத்து செய்யத் தள்ளுதற்சீட்டு எழுதச் சொன்னேன். "அடேய், மத்தவன் கோபத்துல பொண்டாட்டியத் தள்ளினா மறுநாளே கெஞ்சிக் கூட்டிக்கலாம். நீ ஆசாரியன். தள்ளினவள ஆசாரியன் கட்டக் கூடாது, அவ உன் சொந்தப் பொண்டாட்டியா இருந்தாலும்! நீ குடுத்தா குடுத்ததுதான். போய்ப் படு" என்று விரட்டிவிட்டார்.

வருகிற 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுவதற்குள் நீ வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீட்டை எழுதி வாங்காமல் ரபியை விடமாட்டேன்.

ஷெஹாத்தா


சக்காரா முகாம்
22 மார்ச்

ஷெஹாத்தாவுக்கு,

நீங்கள் கத்தியது என் காதில் விழவில்லை. சத்தியம். சிரித்தது உண்மை. ஆசி கூறும்போது நடுவில் நீங்கள் தும்மி, சால்வை பறந்து, சபை முழுக்க அதற்கும் "ஆமென்" சொன்னதே, அந்தக் கதையை விஸ்ஸாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களை நினைத்துச் சிரித்ததற்காகவா என்னைத் தள்ளப் பார்க்கிறீர்கள்?

சீட்டைக் காட்டிக் கூப்பிட்டால் வரமாட்டேன். இதற்குப் பயந்து வந்தால், நாளைக்குக் குழம்பில் உப்பு கூடினாலும் பயந்து சாக வேண்டும். "உன்னை நம்புகிறேன்" என்று எழுதுங்கள். அன்றைக்கே வண்டி ஏறுகிறேன்.

பஹீயா


அலெக்சாந்திரியா, அண்ணன் வீடு
29 மார்ச்

ஷெஹாத்தாவுக்கு,

நான் கேட்டதை நீங்கள் எழுதவில்லை. இருந்தும் வியாழக்கிழமை மூட்டை கட்டினேன். வீம்பு என்ன வேண்டியிருக்கிறது, முகத்தைப் பார்த்துத் திட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ரயில் நிலையத்தில் நம் சபை ஆட்கள் இருவர் எதிரே வந்தார்கள். "உன் புருஷன் அனுப்பின தள்ளுதற்சீட்டும்மா இது" என்றார்கள். நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமை அப்போது விடியக்கூட இல்லை.

"பாலாடைக்கட்டிக் கடை ஒவாதியா, சந்தையில நீ அந்தாளுக்குச் செருப்பு வாங்கிக் குடுத்ததப் பார்த்தாராம். அதக் கேட்டதும் உன் புருஷன் ரபி காலைப் பிடிச்சு எழுத வச்சுட்டான்" என்றார் ஒருவர்.

செருப்பு உங்களுக்கு வாங்கியது, பஸ்கா பண்டிகைக்காக. விஸ்ஸாவுக்கும் உங்கள் கால் அளவுதான். போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

மற்றவர் நல்ல மனுஷர். "கையில வாங்கினாத்தான் சீட்டு செல்லும். கைய மடக்கிக்கம்மா, நாங்க திரும்பிப் போய்ப் பேசிப் பார்க்கிறோம்" என்றார். எவனோ ஒரு கடைக்காரன் சொன்னதுக்கு இந்தச் சீட்டு. அடுத்தவன் சொல்லும்போது எங்கே போவேன்? கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

செருப்பை அவரிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

பஹீயா


கெய்ரோ
5 ஏப்ரல்

என் பஹீயா,

செருப்பு காலுக்குச் சரியாக இருக்கிறது.

ரபியிடம் அழுதேன். ஆசாரியத்துவமே வேண்டாம், சாதாரண ஆளாகி உன்னை மறுபடி கட்டிக்கொள்கிறேன் என்றேன். "அது ரத்தம்டா. பிணத்தோட படுத்து எந்திரிச்சாலும் நீ ஆசாரியன்தான்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. காலையில் ஆசி கூற நான் இப்போது மேடை ஏறுவதில்லை. அன்போடு ஆசி கூற வேண்டும் என்பது கட்டளை. எந்த வாயால் கூறுவேன்?

நேற்று முன்தினம் சக்காராவுக்குப் போனேன். வாசலில் நிற்கவில்லை, இறங்கிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, பஹீயா. வானம் இடிந்து விழவில்லை. இதற்கா பயந்தேன்! உன் ஆந்தைகளைப் பார்த்தேன். பொல்லாத முழி முழிக்கின்றன.

விஸ்ஸா விளக்கோடு வந்தார். லட்சணமாகத்தான் இருக்கிறார், இப்போதும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. "அம்மா சீட்டை வாங்கிட்டு இங்கதான் திரும்பி வந்தாங்க. பென்சிலெல்லாம் ஒப்படைச்சாங்க. 'அவர் என்னிக்காவது உள்ள வருவார். மேல்கல் தாழ்வா இருக்கு, குனிஞ்சு வரச் சொல்லுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றார்.

அவர் சொல்வதற்குள் நான் இடித்துக்கொண்டாயிற்று. நெற்றி நன்றாகப் புடைத்திருக்கிறது. வீட்டில் அந்தக் களிம்பு டப்பாவை எங்கே வைத்திருக்கிறாய்? எல்லா இடத்திலும் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. எழுது.

ஷெஹாத்தா