நீ பை அடுக்கிய விதம்

கட்டில் முழுக்கச் சாமான்கள் பரப்பிக் கிடக்கின்றன. நாளை மறுநாள் ஹனோய்க்குக் கிளம்புகிறேன். இரண்டு மாதம் அங்கிருந்தபடியே வேலை. பிளக் அடாப்டர், எக்ஸ்டென்ஷன் வயர், துணி காயப்போட நைலான் கயிறு, மழைச்சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, அலமாரியின் அடித்தட்டிலிருந்து உன் நீலத் துணிப்பை கையில் தட்டுப்பட்டது. இன்சுலினைச் சூடேறாமல் வைத்திருக்க நீ வாங்கிய பை. தண்ணீரில் நனைத்தால் உள்ளே இருக்கும் மணிகள் ஊறி, வெந்த ஜவ்வரிசி மாதிரி ஆகிவிடும். எனக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் இத்தனை நாள் கழித்து இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. நனைத்தேன். மெல்ல மெல்ல உப்பியது. ஈரத் துணியின் வாசனை அறை முழுக்க வந்தது. நீ இருந்திருந்தால் இந்நேரம் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருப்பாய்.

பினாங்கின் பிறை வட்டாரத்தில், அந்தத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் நமக்கு அடுத்தடுத்த மேசை. ஒருநாள் மதியம் மாமாக் சாப்பாட்டுக் கடையில், பாலும் சீனியும் போடாத உன் வழக்கமான தே ஓ கோசோங் தேநீரைக் கலக்கவே தேவையில்லாமல் கலக்கிக்கொண்டே சொன்னாய், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் பதில் எழுத வேண்டும் என்று.

"எங்கேருந்து வேணும்னாலும் செய்யலாமாம். அப்புறம் ஏன் இங்கயே உக்காந்து செய்யணும்?"

"உனக்கு ஊசி இருக்கேடி."

"ஊசிக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேணாம் லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாகான் டாலாமில் இருந்த உங்கள் வீட்டில் உன் அம்மாவுக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே உனக்கு வந்த இனிப்புநீர் அது. அன்றிலிருந்து உன் ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் நின்றவர் அவர். "தூங்கறப்ப சீனி இறங்கிப் போச்சுன்னா அங்க யாரு பாப்பா?" என்று கேட்டார். நீ பதில் சொல்லவில்லை. உன்னிடம் பதில் இல்லை என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததெல்லாம் ஆராய்ச்சி. அந்த நீலப் பையை நனைத்து, உள்ளே ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, தொழிற்சாலைக்கு வெளியே வெயிலில் நிறுத்தியிருந்த என் காருக்குள் வைத்துவிட்டு வந்தாய். ஏதாவது சாக்குச் சொல்லி இருவரும் வெளியே ஓடிப் பார்ப்போம். காவலாளி அண்ணன் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார். "என்னம்மா, காடிக்குள்ள குழந்தை தூங்குதா?" என்று கேட்டே விட்டார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது பை சுடச்சுட இருந்தது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. உனக்கோ பரிசு விழுந்த மாதிரி முகம்.

"பாத்தியா? காத்து இல்லாத இடத்துல இது வேலை செய்யாது. காடியில வைக்கக்கூடாது, பெட்டிக்குள்ள போட்டு மூடக்கூடாது. ஃபேனுக்குக் கீழ வச்சா?"

ஃபேனுக்குக் கீழே வைத்தோம். பினாங்கின் புழுக்கத்திலும் பை கொஞ்சம் குளிர்ந்தது. "வறண்ட ஊர்ல இன்னும் நல்லா குளிரும். எவ்வளவுன்னு போய்த்தான் பாக்கணும்," என்றாய். நீ ஊர் பார்க்கப் போகிறாயா, பையைப் பரிசோதிக்கப் போகிறாயா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

தாய்லாந்தின் சியாங் மாய்க்கு நீ புறப்பட்ட அன்று பை அடுக்கியதை உன் அம்மாவும் நானும் கதவோரம் நின்று பார்த்தோம். இன்சுலினை இரண்டாகப் பிரித்தாய். ஒன்று தோள்பையில், மற்றது இடுப்புப் பையில். பெரிய பெட்டியில் ஒன்றுகூடப் போகவில்லை. விமானத்தின் அடியில் உறைந்துவிடலாம் என்றாய். மிட்டாய்களைச் சட்டைப்பைகளிலும் ஷூவுக்குள்ளும்கூடச் செருகினாய். கண்ணை மூடிக்கொண்டு துழாவினாலும் கைக்கு ஒன்று அகப்பட வேண்டுமாம். கண்ணை மூடித் துழாவிக் காட்டவும் செய்தாய். லேப்டாப் கடைசியாகத்தான் உள்ளே போனது. "கெட்டா வேற வாங்கிக்கலாம்," என்றாய், அதன்மேல் இரண்டு சட்டைகளைப் போட்டு அழுத்திக்கொண்டே. உன் அம்மா உள்ளே போய் இன்னும் ஒரு பிடி மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் அவருடைய சம்மதம்.

சியாங் மாயிலிருந்து நீ கூப்பிடும்போதெல்லாம் நான் தீவிலிருந்து ஃபெரி ஏறிப் போய் உன் அம்மாவுக்குப் போனைப் பிடித்துக் காட்டுவேன். முதலில் "சாப்பிட்டியா, ஊசி போட்டியா" மட்டும்தான். போகப் போக அவருடைய கேள்விகள் மாறின. "பின்னாடி தொங்குதே, அது என்ன காய்?" "அந்தப் பொம்பள ஏன் காலையிலயே பூ கட்டுது?" உன் ஆர்வம் எங்கேயிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தாய். வந்த இடத்தில் டெங்கு. அதோடு பழைய நோயும் சேர்ந்துகொள்ள, ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அடக்கத்தன்று தேவாலய வாசலில் உறவுக்காரர் ஒருவர், "ஊர் ஊரா சுத்தினா இப்படித்தான் ஆகும்," என்றார். அழுதுகொண்டிருந்த உன் அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "சுத்தின எடத்துல எல்லாம் அவ நல்லாத்தான் இருந்தா. நம்ம வீட்டுல வந்துதான் படுத்தா," என்றார்.

அடுத்த வருடம் நானும் இணையம் வழியாகச் செய்கிற கணக்கு வேலைக்கு மாறினேன். முதல் பயணம் எங்கே என்று யோசிக்கவே இல்லை. சியாங் மாயில் நீ எப்படி வாழ்ந்தாய் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீ தங்கிய அதே விடுதியில் அறை எடுத்தேன். கீழே பூ கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் உன் படத்தைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போய், உன் அறைக் கதவைத் தட்டிக் காட்டினார். பிறகு காதை வைத்துக் கேட்பது போல நடித்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் நுழைப்பது போல, ஒரு மிட்டாயை உரித்து வாயில் வைப்பது போல.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. தினமும் காலையில் அவர் உன் கதவைத் தட்டியிருக்கிறார். நீ குரல் கொடுக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாய். உன் அம்மா அன்று கேட்டதற்கு இதுதான் பதில். ஏன் அதை அவரிடம் சொல்லாமல் விட்டாய்? முன்பின் தெரியாத ஒருத்தியை நம்பிப் படுக்கிறாய் என்று இன்னும் பயப்படுவார் என்றா? இல்லை, ஆள் கிடைப்பாளா என்று உனக்கே அப்போது தெரியாதா? நீ போய்த்தான் பார்த்திருப்பாய் என்று இப்போது நினைக்கிறேன்.

நீ இல்லை என்பதை நான் போனில் தட்டச்சு செய்து, தாய் மொழியில் மாற்றி நீட்டினேன். அவர் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். என் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் என் கதவு தட்டப்பட்டது. எழுந்து திறந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, பூ கட்டப் போய்விட்டார். நான் அங்கிருந்த நாளெல்லாம் அது நடந்தது.

ஊர் திரும்பியதும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொம்பளைக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்பது. எனக்குத் தெரியவில்லை. "இதக்கூடக் கேக்காமயா வந்த?" என்று கடிந்துகொண்டார்.

அதனால் இப்போதெல்லாம் கேட்கிறேன். எனக்கு நோய் எதுவும் இல்லை. ஆனாலும் எந்த ஊரில் இறங்கினாலும், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்து அறைக்குப் போய் என் பெயரைச் சொல்கிறேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் கதவைச் சாத்துவார்கள். கோலாத் திரங்கானுவில் ஒரு மீன்காரர் மனைவி உட்காரவைத்துச் சோறு போட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று அவர் போன் செய்தார்.

"ஹனோய்ல கதவத் தட்ட ஆளு இருக்கா?"

"தெரியல ஆண்ட்டி. போய்த்தான் பாக்கணும்."

"சரி, பாத்துட்டுச் சொல்லு. என்ன மாதிரி ஆளுன்னும் சொல்லு."