கை காட்டாவிட்டாலும்

என்னங்க,

உங்கள் தங்கை வீட்டில் தலையணை உயரம் சரியாக இருக்கிறதா? கோபத்தில் மூக்குக் கண்ணாடியைக்கூட விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். துடைத்து வைத்திருக்கிறேன்.

அலுவலகத்தில் என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள். பஸ் ஓட்டும் தேர்விலும் தேறிவிட்டேன். "நாப்பத்தஞ்சு வயசுல இது தேவையா?" என்று கேட்டீர்கள். இத்தனை வருடம் மேசையில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பஸ்களையே பார்த்திருந்தவளுக்குத் தேவைதான்.

தேர்வில் ஒரு கூத்து. பின்னால் எடுக்கச் சொன்னதும், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். நம் காரில் நீங்கள் நச்சரித்து நச்சரித்து வந்த பழக்கம்.

"என்னம்மா, பயமா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். இறங்கிப் பாக்கலைன்னா எங்க வீட்டுக்காரர் வீட்டுக்குள்ள விடமாட்டார்."

பின்சக்கரத்தடியில் ஒரு நாய் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. "அவருக்கும் சேத்துத்தாம்மா மார்க் போட்டிருக்கேன்" என்றார். அதை உங்களிடம் சொல்லத்தான் வீட்டுக்கு ஓடிவந்தேன். கதவைத் திறந்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

பயம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் ஓட்டப் போகிறேன்.

திங்கட்கிழமை காலை முதல் வண்டி என்னுடையது. உங்கள் தங்கை வீட்டுத் தெருமுனையில் நின்று, நம் தெரு வழியாகத்தான் போகிறது. அந்தத் தெருமுனையில் வந்து நில்லுங்கள். கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர் உங்களுக்குத் தெரியாது, கவலைப்படாதீர்கள். கை காட்டாவிட்டாலும் நிறுத்துவேன். உங்களைக் காணவில்லை என்றால் இறங்கிப் பார்ப்பேன்.

உங்கள்
வீட்டுக்காரி