மருந்து ஒத்துக்கொண்ட மாதங்கள்

என் புஷ்பாக்கா, என் கோபக்காரிக்கு,

உன் மகள் பவித்ரா இப்போது கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கல்லூரிக்குப் போகிறாள். உன்னைப் போலவே ஜன்னல் சீட்டு கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறாள். அம்மா நன்றாக இருக்கிறார். நான்தான் சரியில்லை. அந்த மருந்துக்கடைக்காரனைப் பிடித்துவிட்டார்கள், அக்கா.

'பாஸ், பாஸ்' என்று வாய் நிறையக் கூப்பிடுவாயே, அவன்தான். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த புற்றுநோய் மாத்திரையை, கிள்ளானில் வீட்டுக்குப் பக்கம் என்று அவனிடம்தானே வாங்கினாய்? அசல் டப்பாவுக்குள் போலியை அடைத்து விற்றிருக்கிறான். வெறும் மாவு என்றார் விசாரிக்க வந்த அதிகாரி.

ஆஸ்பத்திரியிலேயே வாங்கிச் சாப்பிட்டபோது உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. "இதுக்கு அந்த நோயே தேவலை லா" என்று அழுதாய். அவன் கடை மாத்திரைக்கு மாறியதும் எல்லாம் நின்றது. "மருந்து ஒத்துக்கிச்சு" என்று ஊரெல்லாம் சொன்னாய். வேண்டிக்கொண்டபடி அம்மனுக்குப் பால்குடமும் எடுத்தாய். பக்கத்து ஊர் காப்பாருக்குப் போய் மீன் வாங்கி வந்து நீயே குழம்பு வைத்தாய், சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு ஏங்கிப் போயிருக்கிறேன், அக்கா.

அசல் மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிழைத்திருக்கலாம். இல்லை, அந்த எரிச்சலோடேயே போயிருக்கலாம். அந்த ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு என் மனசு இன்றும் ஒப்பவில்லை. ஆனால் அதை வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் நீயல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவன் உன்னைக் கேட்கவேயில்லையே.

வாக்குமூலம் கொடுக்க என்னை வரச் சொல்கிறார்கள். அம்மா போகாதே என்கிறார்.

"அந்த மாசமெல்லாம் ஆத்தா குடுத்ததுடி. அதையும் பொய்னு எழுதிக் குடுக்கப் போறியா?"

எனக்கும் அந்த மாதங்கள் வேண்டுமே.

இருந்தாலும் போகிறேன். அந்த மாத்திரையால் உங்கள் அக்காவுக்கு என்ன ஆனது என்று கேட்பார்கள். எங்கக்கா நல்லா சாப்பிட்டாங்க, சிரிச்சாங்க, பொழைச்சிட்டோம்னு நம்புனாங்க என்பேன். உன்னைக் கேட்காமல் அப்படி நம்ப வைத்ததுதான் அவன் செய்தது. ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்வேன், இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

எந்நாளும் உனக்குப் பின்னாலேயே பிறந்தவளாக இருக்கும்,
உன் தங்கை சாந்தி